நண்பரின் வீட்டை அவர் சார்பில் விற்றுக் கொடுப்பது: பண்டாரவளையிலிருந்து ஒரு கேள்வி

பண்டாரவளை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். என்னோடு ஒரே வகுப்பில் பதினொரு வருடம் படித்த நண்பர் ஒருவர் 2003 இல் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போய்க் குடியேறிவிட்டார். அதற்கு முன்னர், 1996 இல், வெலிமடைக்குப் போகும் வீதிப் பக்கமாக 14 பேர்ச்சஸ் காணியோடு ஒரு சிறிய வீட்டை வாங்கியிருந்தார். அவருடைய தாயார் கடைசிவரை அங்கேதான் இருந்தார். தாயார் காலமான பிறகு, 2011 முதல், ஒரு குடும்பம் வாடகை எதுவுமின்றி வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே வசிக்கிறது.

இப்போது நண்பர் வீட்டை விற்றுவிட நினைக்கிறார். அங்கிருந்து வந்து இரண்டு மூன்று மாதம் நிற்க அவருக்கு வேலையில் வசதி இல்லை. ஆகவே என் பெயரில் பொது அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் எல்லா அலுவலும் பார்க்க எனக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்புவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் இரண்டு பக்க வரைவு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்தால், அவருடைய வங்கிக் கணக்கை மூடுவது முதல் அவர் சார்பில் வழக்குப் பேசுவது வரை எல்லாவற்றையும் நான் செய்யலாம் என்று இருக்கிறது. வீடு விற்க இவ்வளவு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

தரகர் ஒருவர் ஆளையும் கொண்டுவந்துவிட்டார். ஒன்றரைக் கோடி தருவதாக ஒப்புக்கொள்ளும் அந்த மனிதர், உறுதியில் 60 இலட்சம் என்று மட்டும் எழுதுவோம், மிகுதியைக் கையில் தருகிறேன், எல்லோருக்கும் செலவு குறையும் என்கிறார். வீட்டின் பின்பக்கத் தாங்கு சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஒன்று இருக்கிறது; யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள், பூசிய சீமெந்தும் அதே கோட்டில் வெடித்திருக்கிறது. அதை அவர் பார்த்தும் பார்க்காதவர்போல் இருப்பது எனக்குச் சற்றுச் சந்தேகமாக இருக்கிறது.

மறுத்தால் நண்பரின் மனம் நோகும். ஏற்றுக்கொண்டால் என்னென்ன வரும் என்று தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

பதுளை எழுதுவினைஞர் (ஓய்வு):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நொத்தாரிசு அலுவலகமொன்றில் மூன்று தசாப்தம் உறுதி எழுதிய கை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் அசையாத ஆதனத்தை வாய்ப்பேச்சாலோ கைக்கடிதத்தாலோ விற்க முடியாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்பவர் அல்லது அவருடைய அற்றோணி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிட்டால் மட்டுமே விற்பனை செல்லும். ஆகவே உங்கள் நண்பர் வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் கட்டாயம். ஆனால் அது பொதுத் தத்துவமாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் அதிகாரம் தரும் விசேட அற்றோணித் தத்துவம் கேளுங்கள். இன்ன உறுதி இலக்கம், இன்ன நில அளவைப் படம், இன்ன எல்லைகள் என்று காணியின் அட்டவணை அதில் இருக்க வேண்டும். இவ்வளவுக்குக் குறைந்து விற்கக் கூடாது என்ற அடிமட்ட விலையும் இருக்க வேண்டும். இதில் முதலில் பாதுகாக்கப்படுவது நீங்கள்தான். நாளைக்கு நண்பரின் பிள்ளைகள் யாராவது "மாமா மலிவாக விற்றுவிட்டார்" என்று சொன்னால், காட்டுவதற்கு அந்தத் தாள் இருக்கும்.

அவர் அதை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நேரில் கையொப்பமிட்டு அத்தாட்சிப்படுத்துவதே சுருக்கமான வழி. பிறகு மூலப் பிரதி தபாலில் இங்கே வந்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்டு, அதன் பின்னர் 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். 2022 இல் இந்தச் சட்டத்தில் திருத்தங்களும் வந்துள்ளன. ஆகவே பழைய மாதிரியைப் பார்த்து எழுதாமல், உறுதியை முடிக்கப்போகும் நொத்தாரிசிடமே வரைவைத் தயாரித்து வாங்கி நண்பருக்கு அனுப்புங்கள். ஒரு சொல் பிழைத்தாலும் அவர் மறுபடியும் தூதரகத்துக்குப் போக நேரிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தத்துவம் கொடுத்தவர் இறந்தால், அந்தக் கணத்திலேயே தத்துவமும் இறந்துவிடும். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் அற்றோணி ஒருவர் கையொப்பமிட்டு முடித்து, தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, உரிமையாளர் இரண்டு நாளுக்கு முன்பே வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. பணம் கைமாறிவிட்டது, உறுதியோ செல்லாது. அந்தச் சிக்கலை அவிழ்க்க நான்கு வருடம் ஆயிற்று. கையொப்பமிடும் நாளன்று காலையில் நண்பரோடு முகம் பார்த்துப் பேசிவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள்.

---

ஹட்டன் கடைக்காரர்:

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் என் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

என்னுடைய சித்தப்பா மகன் சுவிஸில் இருக்கிறார். டிக்கோயாப் பக்கம் அவருக்கு இருந்த ஒரு சிறு காணியை நான் விற்றுக் கொடுத்தேன். பணம் முழுவதும் என் கணக்குக்கு வந்தது, ஏனென்றால் அவருக்கு இங்கே கணக்கு இல்லை, எனக்கும் அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. தரகர் கூலி, அளவைக் கூலி, வேலி வெட்டியது, ஆதன வரி நிலுவை, நுவரெலியாவுக்குப் போய்வந்த வாகனச் செலவு என்று அந்தக் கணக்கிலிருந்தே கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வேலி வெட்டியவன் எங்கே பற்றுச்சீட்டு தருவான்? கடைசியில் கணக்கு ஒப்புவித்தபோது 2 இலட்சத்துச் சொச்சம் இடித்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடமாகப் பேசவும் இல்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சேர், நீங்கள் கணக்கு எழுத ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இன்றைக்கே. முதல் வரியில் அந்தக் கொப்பியின் விலையை எழுதுங்கள்.

---

ரொறன்ரோ வாசி (ஹப்புத்தளை):

நான் மறுபக்கத்தில் நிற்பவன், விற்றவன். ஆகவே உங்கள் நண்பரின் இடத்திலிருந்து இரண்டு சொல் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கும் ஹப்புத்தளையில் ஒரு நண்பர்தான் விற்றுத் தந்தார். அவரை நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இங்கே நடு இரவில் விழித்துக்கொண்டு, அங்கே இப்போது பகல்தானே, ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த நாட்கள் உண்டு. அவர் என்னை ஏமாற்றுவார் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. அவரை யாராவது ஏமாற்றிவிடுவார்கள், அதை என்னிடம் சொல்லக் கூச்சப்படுவார் என்றே பயந்தேன். ஆகவே நல்லதோ கெட்டதோ, வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதிப் போடுங்கள். "இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் ஒரு செய்திதான்.

பணம் பற்றிக் கடைக்காரர் அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. உங்கள் நண்பர் இலங்கை வங்கி ஒன்றில் தம்முடைய பெயரிலேயே மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தவர்கள் இங்குள்ள ஆதனத்தை விற்ற பணத்தை வெளியே கொண்டுபோவது அந்தக் கணக்கின் ஊடாகத்தான். அவர் 1996 இல் இங்கே சம்பாதித்த ரூபாயில் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் முழுத் தொகையும் ஒரே நாளில் கனடாவுக்குப் போய்ச் சேராது, குடிபெயர்வோருக்கான கொடுப்பனவு வரையறைக்கு உட்பட்டுத்தான் போகும். வரையறைத் தொகை வர்த்தமானி மூலம் அவ்வப்போது மாறுகிறது என்பதால் வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவந்து வாங்கியவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. எனக்கு இது விற்ற பிறகுதான் தெரியவந்தது. இங்கே வீட்டுக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பணம் பண்டாரவளையில் ரூபாயாகத் தூங்கியது. உங்கள் நண்பர் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

---

பண்டாரவளை ஆசிரியர்:

மிக்க நன்றி. கொப்பி வாங்கிவிட்டேன். 60 இலட்சம் என்று எழுதும் விடயத்தில் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தரகர் அடித்துச் சொல்கிறார்.

---

பதுளை எழுதுவினைஞர் (ஓய்வு):

ஊரில் எல்லோரும் செய்வது உண்மைதான். அவர்கள் தங்கள் சொந்தக் காணியை விற்கிறார்கள். நீங்கள் மற்றவருடைய காணியை விற்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கைமாற்ற உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடிக்கு 5 இலட்சத்து 99 ஆயிரம் வரும். 60 இலட்சத்துக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம். மிச்சம் 3 இலட்சத்து 60 ஆயிரம், அது வாங்குபவரின் சட்டைப்பைக்குப் போகிறது, ஏனென்றால் தீர்வையைக் கட்டுவது அவர். உங்கள் நண்பருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அதுவும் தீர்வை கணிக்கப்படுவது சந்தைப் பெறுமதிக்குத்தான். மாகாண இறைவரித் திணைக்களம் பின்னர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி நட்டத்தைப் பாருங்கள். நொத்தாரிசு தம் அத்தாட்சிக் குறிப்பில், பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, எவ்வாறு கொடுக்கப்பட்டது என்று எழுதியாக வேண்டும். அந்த 60 இலட்சம் மட்டுமே வங்கியின் கண்ணுக்கு விற்பனைப் பணம். மிகுதி 90 இலட்சம் ஒரு பொலித்தீன் பையில் உங்கள் வீட்டு அலுமாரிக்கு வரும், அதை எந்த வங்கியும் கனடாவுக்கு அனுப்பாது. நண்பர் அதை எடுக்க வேண்டுமானால் உண்டியல்காரரிடம், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றுபவரிடம், போக வேண்டும். ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் ஆசிரியர் ஒருவருக்கு இதெல்லாம் தேவையா?

மூலதன ஈட்டு வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறைத்து எழுதுவதற்கு விற்பவர் பக்கம் சொல்லும் சாட்டு அதுதான். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தின்படி 2018 ஏப்ரல் 1 முதல் அந்த வரி மீண்டும் வந்தது. ஆனால் அதற்கு முன்பே வாங்கிய ஆதனத்துக்கு 1996 ஆம் ஆண்டு விலையைக் கழிக்க வேண்டியதில்லை. 2017 செப்டெம்பர் 30 அன்று அதற்கு இருந்த சந்தைப் பெறுமதியையே அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே தகுதியான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அந்தத் திகதிக்குரிய மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை எடுங்கள். அந்தப் பெறுமதிக்கு மேற்பட்ட இலாபத்துக்குத்தான் வரி. சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்குக் கொடுக்கப்படும் விலக்கு, 2003 இலேயே போய்விட்ட உங்கள் நண்பருக்குக் கிடைக்காது. வீதத்தையும் கட்ட வேண்டிய கால எல்லையையும் உண்ணாட்டு இறைவரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

நுவரெலியா முதியவர்:

எனக்கு 78 வயது. பேரன் தட்டச்சுச் செய்கிறான். நண்பரின் பெயரில் ஆதனம் என்று பேச்சு வந்ததால் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1963 இல் நிதிச் சட்டம் ஒன்று வந்தது. நாட்டுப் பிரசை அல்லாத ஒருவர் காணி வாங்கினால் காணியின் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது நூற்றுக்கு நூறு வீதத்தை, வரியாகக் கட்ட வேண்டும் என்றது. அது வெளிநாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியது என்றார்கள். ஆனால் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, கடைவீதியில் சிறுகச் சிறுகச் சேர்த்த என் தகப்பனாரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டுக்காரர்தான். ஆகவே அவர் வாங்கிய கடையை, பிரசாவுரிமை இருந்த ஒரு சிங்கள நண்பரின் பெயரில் உறுதி எழுதினார். எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அந்த மனிதர் மாதத்தில் ஒருநாள் வந்து, கடையில் தேநீர் குடித்துவிட்டு, அதற்குக் காசும் வைத்துவிட்டுப் போவார். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு எங்களுக்குப் பிரசாவுரிமை கிடைத்ததும் அவரே நொத்தாரிசிடம் வந்து கடையை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்படி எழுதிக் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு கடைகள் அப்படிப் போயின. மூன்று பேருமே நல்லவர்கள் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

---

ஹட்டன் கடைக்காரர்:

தாத்தா, அந்தத் தேநீர்க் காசைக் கேட்டபோது எனக்கு ஏதோ செய்தது.

---

வெலிமடை அளவையாளர்:

காகிதம் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலாவது, வீட்டில் இருக்கும் குடும்பம். 2011 முதல் என்றால் பத்து வருடம் கடந்துவிட்டது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து வருடம் ஆட்சி செய்தவர் உரித்துக் கோரலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை இலகுவில் வராது என்பது சட்டம். ஆனால் அனுமதியோடுதான் இருந்தார் என்பதை நிரூபிக்க நீதிமன்றத்துக்கு நடப்பது உங்கள் வேலையாகிவிடும். அவர்கள் நல்ல மனத்தோடு இருக்கும் இப்போதே, உரிமையாளரின் அனுமதியோடு இன்ன ஆண்டு முதல் இருக்கிறோம், இன்ன திகதியில் வெளியேறுவோம் என்று ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, 1996 ஆம் ஆண்டுப் படத்தை நம்பாதீர்கள். மலைச் சரிவில் எல்லைக் கல் ஊர்ந்து போகும், பக்கத்து வீட்டார் தேயிலை நடுவார்கள், மாநகர சபை வீதியை அகலப்படுத்தும். புதிதாக அளந்து பாருங்கள். 14 பேர்ச்சஸ் என்பது 13 ஆகக் குறைந்தால், அந்த 272 சதுர அடிக்கும் விலையில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அந்தத் தாங்கு சுவர். பூசிய சீமெந்து அதே கோட்டில் மறுபடி வெடித்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். பழைய வெடிப்பு என்றால் பூச்சு நின்றிருக்கும்; அசைவு இன்னும் நடக்கிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று காலையில் நடந்த மண்சரிவு நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். வாங்குபவர் மேல்மாடி கட்ட நினைத்தாலும், வங்கிக் கடன் எடுத்தாலும் எப்படியும் அதைத்தான் கேட்பார்கள். வெடிப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்கிற அந்த மனிதர், முற்பணம் கொடுத்த மறுநாள் அதைக் கண்டுபிடித்து 20 இலட்சம் குறைக்கச் சொல்லுவார். இந்த வியாபாரத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

---

பண்டாரவளை ஆசிரியர்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

பொது அற்றோணித் தத்துவத்தை ஏற்க முடியாது என்று நண்பரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். "என்னை நம்பவில்லையா?" என்று கேட்டார். பிறகு முதியவரின் கடைக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கிழமையே நொத்தாரிசு எழுதிய விசேடத் தத்துவத்தில் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். விற்கும் அதிகாரமும் உறுதியில் கையொப்பமிடும் அதிகாரமும் எனக்கு உண்டு. பணம் பெறும் அதிகாரம் இல்லை, அது வங்கிக் கட்டளையாக நேரே அவருடைய கணக்குக்குப் போகும். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு இலகுவானது.

இடையில் யாரும் எதிர்பாராத ஒரு தடங்கல் வந்தது. 1996 உறுதி சிங்களத்தில் இருக்கிறது. அதில் நண்பரின் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துத் துரை அலுவலகத்தில் யாரோ எழுதிய எழுத்துக்கூட்டல் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, கனடாக் கடவுச்சீட்டில் தகப்பனாரின் பெயரே குடும்பப் பெயராக முன்னால் வந்து நிற்கிறது. மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, அதையும் தத்துவத்தோடு இணைத்தோம். நம் ஆட்கள் யாராவது விற்கப் போனால் முதலில் பெயரைப் பாருங்கள். நம் பெயர்கள் ஒரு காரியாலயத்திலிருந்து அடுத்த காரியாலயத்துக்குப் போவதற்குள் உருமாறிவிடுகின்றன.

60 இலட்சக்காரர் போய்விட்டார். இப்போது வந்திருப்பவர்கள் தாதியர் தம்பதியினர். வங்கிக் கடனோடு வாங்குகிறார்கள், விலை 1 கோடியே 38 இலட்சம், உறுதியிலும் அதேதான். நண்பர் சொன்ன அடிமட்டத்துக்கு அது மேலேதான். புதிதாக அளந்ததில் 13.6 பேர்ச்சஸ் வந்தது; கீழ்ப்பக்க வேலியில் இருக்கும் பேரி மரம் பக்கத்து வீட்டாருடையதாம். வீட்டில் இருக்கும் குடும்பம் கடிதம் தந்துவிட்டது, மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை மட்டும் தவணை கேட்டார்கள், நண்பரும் சரி என்றார். ஆகவே உறுதி முடிப்பது அதன் பிறகுதான்.

தாங்கு சுவரைப் பார்க்க அதிகாரிகள் வந்து அளந்து, படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அறிக்கை இன்னும் வரவில்லை. தாதியர் தம்பதியினரிடம் வெடிப்பை நானே கைவைத்துக் காட்டினேன். கணவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, திருத்தினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். மதிப்பீடு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மேசன் வியாழக்கிழமை வருகிறார்.

---

ஹட்டன் கடைக்காரர்:

மேசனுக்குக் கொடுக்கும் தேநீரையும் கொப்பியில் எழுதுங்கள் சேர்.

---

பண்டாரவளை ஆசிரியர்:

அது என் கணக்கு.